மாட்டுக் கேனில் வந்த காசித்தும்பை

நான் பார்க்கும் வேலைக்குப் பெயர் வைத்தவர் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர். முடிந்துபோன படிப்பைச் சொல்லி ஒரு வேலைக்கு யாராவது பெயர் வைப்பார்களா? "கல்யாணத்துக்குப் பிந்தையவள்" என்று எந்தப் பெண்ணாவது தன்னை அறிமுகம் செய்துகொள்வாளா? விஷயம் இவ்வளவுதான்: படிப்பு முடிந்துவிட்டது, நிரந்தர வேலை கிடைக்கவில்லை, நடுவில் இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று ஃபெலோஷிப் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொல்கிறார்கள். அது முடிவதற்குள் அடுத்ததைத் தேடிக்கொள்ள வேண்டும். வாடகை வீட்டுக்காரர் மாதிரி மூட்டை முடிச்சை அவிழ்க்காமலே இருக்கப் பழகிவிட்டேன்.

இதை அப்பாவுக்கு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்பா மூணாறு பக்கத்து எஸ்டேட்டில் தேயிலை ஃபாக்டரி லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றதும், எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு, டவுனுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். ஒரு பழைய ஜீப் வைத்துக்கொண்டு டூரிஸ்ட்டுகளைச் சுற்றிக் காட்டுகிறார். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். ஒருவருக்காக அரிசி களைவது எரிச்சலான வேலை என்று சொல்லிக்கொண்டே தினமும் இரண்டு பேருக்கு வடிப்பார். மிச்சத்தைக் காலையில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுவார்.

நான் பி.எச்.டி. வாங்கிய அன்றிலிருந்து அவருக்கு நான் டாக்டர். பழைய லயத்துக்காரர்கள் என்னைப் பார்த்ததும் புடவையை முழங்கால் வரை தூக்கி வலிக்கிற இடத்தைக் காட்டுவார்கள். "நான் அந்த டாக்டர் இல்லக்கா" என்றால் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் அந்த நேரம் பார்த்து ஜீப் டயரை உதைத்துக் காற்று இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருப்பார்.

நான் படிப்பது ஒரு செடியை. தோட்டத்தில் வளர்க்கிற காசித்தும்பை எல்லோருக்கும் தெரியும். அதன் உறவுக்காரி ஒருத்தி எங்கள் மலையின் சோலைக்காட்டுக்குள், தரையைத் தொடாமல், பாசி பிடித்த மரக்கிளைகளில் உட்கார்ந்து வாழ்கிறாள். கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் தண்டாகக் கிடப்பாள். மழை பிடித்ததும் துளிர்த்துச் சிவப்பும் பச்சையுமாகப் பூப்பாள். அவளுடைய மரபணுத் தொகுப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிப்பதுதான் என் திட்டம். அதற்கு டி.என்.ஏ. நீளம் நீளமாக, அறுபடாமல் வேண்டும். முந்தின மழைக்காலத்தில் இலையைக் காயவைத்துக் கொண்டுபோனேன். ஆய்வகத்தில் பார்த்தால் கையில் நொறுக்கிய சேமியா மாதிரி துண்டு துண்டாக இருந்தது. துளிர் இலையைப் பறித்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டு உறையவைத்தால்தான் உண்டு. வழியில் கொஞ்சம் உருகினாலும் போச்சு.

அந்த வருஷம் என் ஃபெலோஷிப்பின் கடைசி மழைக்காலம். அடுத்ததற்கு ஒரு குளிர்தேசத்து ஆய்வகம் என்னை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது, மூன்று வருஷத்துக்கு. ஒரே நிபந்தனை: இலை நல்லபடியாகக் கைக்கு வர வேண்டும். வனத்துறை கொடுத்த அனுமதியும் நான் இலை பறிக்கக் கிளம்பிய வாரத்தோடு முடிகிறது. இன்னொரு பக்கம், மூணாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை இடம் காலியாக இருந்தது. வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று வாயாரச் சொல்லியிருந்தார்கள்.

இதையெல்லாம் கிளம்பிய அன்றைக்குக் காலையில், சோலைக்காட்டை ஒட்டிய வட்டவடை கிராமத்துக்குப் போகும் வழியில், ஜீப்பில் வைத்துத்தான் அப்பாவிடம் சொன்னேன். மழை தூறிக்கொண்டிருந்தது. என் கால்களுக்கு நடுவில் நைட்ரஜன் கேன்.

"எல நல்லபடியாப் போய்ச் சேந்தா மூணு வருஷம் வெளிநாடுப்பா. கெட்டுப்போச்சுன்னா இதோட போதும். பள்ளிக்கூடத்துல சேந்துட்டு வீட்டுக்கே வந்துர்றேன்."

அப்பா கியரை மாற்றினார். "ம்" என்றார். அடுத்த வளைவில் எதிரே முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிய ஜீப் வந்தது. அதற்கு வழிவிட ஒதுங்கி நின்றபோது, "பள்ளிக்கூடம் வீட்ல இருந்து நடக்குற தூரந்தான்" என்றார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேனைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இந்தக் கேனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அலுமினியத்தில், பால் கேன் மாதிரி அகலத் தோளும் குறுகிய கழுத்துமாக இருக்கும். மூடி இறுக்கமாக இருக்காது. இடுக்கு வழியாக வெள்ளைப் புகை கசியும். எங்கள் மாதிரி ஆராய்ச்சிக்காரர்களைத் தவிர இந்தக் கேனை வைத்திருப்பவர்கள் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள்தான். காளையின் விந்தை மெல்லிய குழாய்களில் அடைத்து இதே நைட்ரஜனுக்குள்தான் வைத்திருப்பார்கள். மாடு வளர்க்கிற ஊரில் இந்தக் கேனுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு.

வட்டவடையில் டீக்கடை முன்னால் ஜீப்பை நிறுத்தினோம். நான் காட்டுக்குக் கூட வர வேண்டிய வனத்துறை வாட்சரைத் தேடிப் போனேன். அந்த நேரத்தில் கடையில் யாரோ கேனைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். அப்பா என்ன சொன்னார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. "எம்மகதான். டாக்டரு." அவ்வளவுதான் சொன்னாராம். கடைக்காரர் டீக்குக் காசு வாங்கவில்லை. அப்போதாவது இவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

காட்டுக்குள் எல்லாம் நன்றாகவே நடந்தது. வாட்சர் பிடித்துக்கொள்ள, வழுக்குகிற கிளையில் ஏறி, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, துளிர்களைப் பறித்தேன். என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இலைகள், மழையில் நனைந்து பளபளவென்று இருந்தன. அவற்றைச் சின்னக் குப்பிகளில் போட்டு நைட்ரஜனுக்குள் இறக்கியபோது சொரேர் என்று சத்தம் வந்தது. என் நெஞ்சு குளிர்ந்துபோனது. கீழே நின்ற அப்பா, "புடிச்சாச்சா?" என்றார், மீன் பிடிக்கப் போனவளிடம் கேட்கிற மாதிரி.

திரும்பி வட்டவடைக்குள் நுழைந்தபோது சாலையோரம் முழுக்க மாடுகள். பூண்டு வயலை ஒட்டி, கேரட் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், வேலிக்கல்லில் கட்டியும் கையில் பிடித்தும் பெண்கள் நின்றிருந்தார்கள். தலையில் பிளாஸ்டிக் சாக்கு. மழை அவர்கள் மேலும் மாட்டின் மேலும் பெய்துகொண்டிருந்தது. ஏதோ திருவிழா என்றுதான் நினைத்தேன். ஜீப் நின்றதும் ஒரு பெண் மாட்டை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அக்கா, மொதல்ல எம்மாட்டப் பாருங்க. காலையில இருந்து கத்திக்கிட்டே நிக்கிது. ரெண்டு தடவ ஊசி போட்டும் சென நிக்கல. மாட்டாஸ்பத்திரி இன்ஸ்பெக்டர் சாரு மூணாறுல மீட்டிங்குன்னு போயிட்டாரு."

பின்னாலிருந்து ஒருத்தி, "எம்மாட்டுக்கு மடி வீங்கியிருக்கு டாக்டரு" என்றாள். இன்னொருத்தி கன்றுக்குட்டியின் வாயைப் பிளந்தே காட்டிவிட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். ஜீப்புக்குள் உட்கார்ந்திருப்பவர் டயரை உதைக்க முடியாதல்லவா? ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் துணியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் அதற்குள் என் கை கேனின் தோளில் பட்டது. ஜில்லென்றிருந்தது. குனிந்து பார்த்தேன். வெளிப்பக்கத்தில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது.

நல்ல கேனுக்கு வெளியே குளிர் தெரியாது. வெளியே பனி பூத்தால் உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே இருக்கிற வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். நைட்ரஜன் வேகமாக ஆவியாகிக்கொண்டிருக்கிறது. மட்டம் பார்க்கும் குச்சியை உள்ளே விட்டு எடுத்தேன். பனிக்கோடு அடியில்தான் விழுந்தது. எங்கள் ஆய்வகத்து வேன் போடிமெட்டு வழியாக மூணாறுக்கு வந்து காத்திருந்தது. அதில் வேறு கேன், வேறு ஏற்பாடு எல்லாம் இருந்தது. ஆனால் மூணாறு வரைக்கும் இது தாங்காது.

"அப்பா, போச்சுப்பா" என்றேன். மழையில் நின்ற பெண்கள் என் முகத்தையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அப்பா இறங்கினார். வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சமாளிப்பார், மாட்டுக்காரிகளிடம் "டாக்டருக்கு ஒடம்பு சரியில்ல" என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தாயிகளா, தப்பு எம்மேல. எம்மக மாட்டு டாக்டரு இல்ல. செடியப் படிக்கிறவ. நம்ம சோலையில மரத்து மேல ஒரு காசித்தும்பை இருக்குல்ல, அது இந்த மலைய விட்டா வேற எங்கிட்டும் கெடையாது. அது உள்ளுக்குள்ள என்னென்ன எழுதியிருக்குன்னு இது வரைக்கும் ஒருத்தரும் முழுசா வாசிச்சதில்ல. இவதான் வாசிக்கப் போறா. அந்த எலதான் இதுக்குள்ள இருக்கு. இது உருகிருச்சுன்னா எல்லாம் அறுந்துபோகும், அப்பறம் வாசிக்க முடியாது. உங்க ஆஸ்பத்திரியில இந்தப் பொகை மருந்து இருக்குமே, கொஞ்சம் குடுத்தீங்கன்னா எம்புள்ள பொழச்சுக்குவா."

இதையெல்லாம் நான் அவரிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், போனில், எப்போதோ. பின்னால் டிவி அலறிக்கொண்டிருந்தது. நான் சொல்வதற்கெல்லாம் "சரி, சரி" என்றார். கேட்கவே இல்லை என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டேன்.

மடி வீங்கின மாட்டுக்காரி, "அப்ப இவ்வளவு நேரம் மழையில நின்னது வெட்டியா?" என்று முணுமுணுத்தபடி மாட்டை ஓட்டிக்கொண்டு போனாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கத்துகிற மாட்டுக்காரி மட்டும் போகவில்லை. அவள்தான் அந்த மிருகாஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கிறவள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. நான் ஏமாற்றிவிட்டேன் என்கிற கோபம் அவள் முகத்தில் இருந்தது. ஆனாலும் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார். இலைக்கா நைட்ரஜன் என்று மலையாளத்தில் திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு, மாட்டுக்கு வேண்டியதை விட்டுவிட்டு மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், நைட்ரஜன் லாரி வருகிற வாரம்தான் இது என்றார். அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"சாரே, இங்க ஒரு மாடு காலையில இருந்து கத்துது. நான் மூணாறுக்குத்தான் வாரேன். மீட்டிங் முடிஞ்சதும் ஸ்டாண்டுல நில்லுங்க. உங்கள ஏத்திக்கிட்டு வந்து ஊசி போட்டதும் திரும்ப எறக்கி விடுறேன். காசெல்லாம் வேணாம்."

காலையில் பருவத்துக்கு வந்து கத்திய மாட்டுக்குச் சாயங்காலம் சினை ஊசி போட்டால் சரியாக இருக்குமாம். அந்தப் பெண்ணின் முகம் அப்போதுதான் இளகியது. ஆஸ்பத்திரியின் பெரிய கேனிலிருந்து என் கேனுக்கு நைட்ரஜனைச் சாய்க்கும்போது அவள்தான் கேனைப் பிடித்துக்கொண்டாள். தரையெல்லாம் புகை ஓடியது. "எலைக்குப் போயி இம்புட்டு வைத்தியமா" என்றாள். பிறகு குப்பியைப் பார்க்க வேண்டும் என்றாள். ஒன்றைக் கண நேரம் தூக்கிக் காட்டினேன். "இது எங்க தோட்டத்துக்கு மேல நெறைய இருக்கே" என்றாள் ஏமாற்றத்தோடு. நான் சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அப்பா ஓட்டிய ஓட்டம்! எந்நேரமும் நிதானமாக ஓட்டுகிற மனிதர். அன்றைக்குச் சோலைச் சாலையின் குழிகளில் என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. கேனை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்; விரல்கள் மரத்துப்போயின. அணைக்கட்டுப் பக்கம் டூரிஸ்ட்டுகள் நடுச்சாலையில் நின்று சோளம் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களால்தான் அப்பாவுக்குச் சோறு. ஆனாலும் தலையை வெளியே நீட்டி, "வீட்ல சோளமே கெடைக்காதா உங்களுக்கு?" என்று கத்தினார். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவு தாண்டியதும், "பொகை வருதா?" என்று கேட்டார். புகை வந்தால் உள்ளே நைட்ரஜன் இருக்கிறது. "வருதுப்பா" என்றேன். "நல்லாப் பாரு" என்றார். மறுபடியும் பார்த்தேன். வந்துகொண்டுதான் இருந்தது.

அந்த ஓட்டத்தின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. இந்த இலை உருகினால் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். அது இவருக்குத் தெரியும். காலையில் நானேதான் சொன்னேன். வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினால் போதும்; சாலை மோசம், கூட்டம், மழை, யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். நான்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். உண்மையைச் சொல்லப்போனால், கேனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மனசிலேயே ஒரு மூலை, உருகினால்தான் என்ன என்று நினைத்தது. அப்பாவின் சட்டைக் காலர் பின்பக்கம் நைந்து நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மூணாறு ஸ்டாண்டில் வேன் நின்றது. குப்பிகளை வேனிலிருந்த கேனுக்கு மாற்றும்வரை அப்பா பக்கத்திலேயே நின்றார். வேன் டிரைவரிடம், போடிமெட்டில் மூடுபனி இறங்குவதற்குள் தாண்டிவிட வேண்டும், எந்த வளைவில் கல் விழும், எங்கே டீ நன்றாக இருக்காது என்று வரிசையாகச் சொன்னார். அதற்குள் இன்ஸ்பெக்டர் குடையோடு வந்துவிட்டார். அப்பா அவரை ஏற்றிக்கொண்டு வந்த வழியே கிளம்பினார். என்னிடம் சரியாக விடைகூடப் பெறவில்லை. "போனதும் போன் போடு" என்றார். என் பின்னால் வேன் டிரைவர் ஹாரன் அடித்தார்.

ஆய்வகத்தில் அந்த இலைகளிலிருந்து வந்த டி.என்.ஏ.யைக் கணினித் திரையில் பார்த்தபோது நான் சத்தம் போட்டேனாம். பக்கத்து மேஜைக்காரி சொன்னாள். நீளமாக, முழுசாக, நாங்கள் கேட்டதற்கு மேலேயே இருந்தது. உடனே அப்பாவுக்குப் போன் செய்தேன். பின்னால் டிவி சத்தம். அணைத்துவிட்டுப் பேசினார்.

"அறுபடாம இருக்கா?"

"இருக்குப்பா."

"எல்லாம் வாசிச்சிறலாமா?"

"வாசிச்சிறலாம்."

பிறகு, "அந்த ஊர்ல ரொம்பக் குளிருமாம்ல. இங்கயே கம்பளி வாங்கிக்க, அங்க வெல சாஸ்தியா இருக்கும்" என்றார். நான் சரி என்றேன். பிறகு ஒரு நாள், வட்டவடை மாடு சினை பிடித்திருப்பதாகவும், ஊரில் அதை இன்னும் டாக்டரம்மா மாடு என்றே சொல்வதாகவும், தான் அதைத் திருத்தப் போவதில்லை என்றும் சொன்னார்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் சில நாள் இருந்தேன். கடைசி நாள் மத்தியானம் அப்பா சமைத்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். கேட்டுவிட்டேன்.

"ஏம்ப்பா, அன்னைக்கு அந்த எல உருகியிருந்தா நான் இங்கயே இருந்திருப்பேன்ல?"

அப்பா குழம்பைக் கிண்டிக்கொண்டே, "இருந்திருப்ப" என்றார்.

"அப்பறம் ஏன் அப்படி ஓட்டுன?"

அவர் திரும்பவில்லை. கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தார்.

"நீ தூரமாப் போனா எனக்கு மட்டுந்தான் கஷ்டம். நெனச்சது நடக்காம இங்க உக்காந்திருந்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம். ஒன்னையும் பாத்துக்கிட்டு, எனக்காகத்தான் இங்க கெடக்குறன்னு தெனமும் நெனச்சுக்கிட்டு, என்னால முடியாது தாயி."

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். அழுதேன். அவரும் அழுதார் என்று அந்த முதுகு குலுங்கியதில் தெரிந்தது. அடுப்பை அணைக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதைத்தான் அன்றைக்குச் சாப்பிட்டோம்.